விருந்தாளியின் கொப்பரை

ரொட்டியின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. பொய்யாக இருந்தால் அந்த ரொட்டியே என்னை அடிக்கட்டும். எங்கள் பக்கத்தில் ரொட்டி மேல் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னவன் எவனும் பல்லோடு கிழவனானது கிடையாது. எனக்கு இன்னும் நாலு பல் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

தாஷ்-கெச்சு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடத்தில் இருந்த சாமான்கள் மொத்தத்தையும் ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடலாம். ஒரு தட்டு மட்டும் உள்ள தராசு. மூக்கு உடைந்த குடுவை. ஒரு புட்டி வினிகர். சுவரில், தனிமங்களை எல்லாம் கட்டம் போட்டு அடுக்கிய தாடிக்காரரின் படம். அந்தக் கூடத்தில் அடிக்கிற குளிருக்குப் படத்தில் இருப்பவரின் தாடி ஒரு சாண் வளர்ந்துவிடும். வசந்தத்தில் ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும்போது அவருக்கும் சேர்த்துக் கத்தரிப்பது வழக்கம். கிடைத்ததைக் கொண்டு காவலாளி ஒரு ஜோடிக் காலுறை பின்னிப் போட்டிருந்தார். நல்ல கம்பளி. சிலும்பலே இல்லை.

இந்தக் கூடத்தில்தான் அனார்குல் வேதியியலும் இயற்பியலும் சொல்லித் தந்தாள். பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. ஆனால் கோடை முழுக்க மேய்ச்சல் மலையில் கிடந்துவிட்டு இறங்கி வரும்போது, படித்ததை எல்லாம் மலையிலேயே விட்டுவிட்டு வருவார்கள். ஒருநாள் அவள் அடுப்பில் கெட்டிலை வைத்துத் தண்ணீர் வற்றும்வரை கொதிக்கவிட்டாள்.

"தண்ணி எங்கடா போச்சு?"

"போயிடுச்சு எஜே."

எங்கள் பக்கத்தில் வாத்தியாரம்மாவையும் அக்காவையும் எஜே என்றுதான் கூப்பிடுவது.

"அதான், எங்க போச்சு?"

"போனா போனதுதான் எஜே. அதப் போயி யாரு தேடுவா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பொருள் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை, இடம்தான் மாறுகிறது என்பதை எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! சுவரில் இருந்த தாடிக்காரர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று பள்ளி விட்டதும் அவள் முற்றத்தைத் தாண்டிப் போகையில், அதே பிள்ளைகள் மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தொகுஸ் கொர்கோல் ஆடும் பலகை. ஒரு பக்கம் ஒன்பது குழி, எதிர்ப்பக்கம் ஒன்பது குழி, குழிக்கு ஒன்பது காய். வென்ற காய்களைப் போட்டுவைக்க நடுவில் ஆளுக்கொரு கொப்பரை. ஒரு குழியை அள்ளி வரிசையாக விதைத்துக்கொண்டே போகவேண்டும். கடைசிக் காய் எதிராளியின் குழியில் விழுந்து அங்கே இரட்டைப்படை ஆனால் அத்தனையும் உனக்கு.

"என்னடா தேடறீங்க?"

"ஒரு காயக் காணோம் எஜே."

"போனா போனதுதானே?"

பிள்ளைகள் அவளை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்பு ஜிபார்தான் பதில் சொன்னாள். நெற்றியில் எப்போதும் ஒரு சுருக்கம் உள்ள பெண். "அதெப்படி எஜே போகும்? நூத்தி அறுபத்திரண்டு காய். எல்லாம் இங்கதான் எங்கயாச்சும் இருக்கும். இந்தா, இவன் பூட்ஸுக்குக் கீழ பாருங்கன்னு சொல்றேன், காலத் தூக்க மாட்டேங்கறான்."

பூட்ஸுக்குக் கீழேதான் இருந்தது.

அனார்குல் அங்கேயே நின்றுவிட்டாள். தண்ணீர் காணாமல் போகும் என்று நம்புகிறவர்கள், ஒரு காய் காணாமல் போகும் என்று நம்பத் தயாராக இல்லை. அப்படியென்றால் குறை இவர்களிடம் இல்லை, கெட்டிலில் இருக்கிறது. மறுநாள் காலை கெட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போனாள். பலகையை வகுப்புக்குக் கொண்டுவந்தாள்.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் எழுதினால் காகிதம் போதாது. குழிகளுக்குத் தனிமங்களின் பெயர் வைத்தாள். ஹைட்ரஜன் குழியிலிருந்து இரண்டும் ஆக்ஸிஜன் குழியிலிருந்து ஒன்றும் சேர்த்து எடுத்தால்தான் கொப்பரையில் தண்ணீர் என்று போடலாம். கொப்பரையைப் பிரித்தால் அதே காய்கள் அதே குழிக்குப் போகவேண்டும். ஒவ்வொரு பாடமும் காய்களை எண்ணித்தான் முடியும். கதிரியக்கம் சொல்லித்தர ஆட்டின் கணுக்கால் எலும்புகளைக் கூடை நிறையக் கொண்டுவரச் சொன்னாள். எல்லாவற்றையும் ஒரே வீச்சாகக் கொட்டுவது, ஒரு குறிப்பிட்ட பக்கம் மேலாக நிற்பதை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடுவது, மிச்சத்தை மறுபடி கொட்டுவது. எந்த எலும்பு அப்படி விழும் என்று எவனாலும் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை விழும் என்று கொஞ்ச நாளில் எல்லாரும் சொன்னார்கள். மொத்த வகுப்பும் சேர்ந்து எலும்பு கொட்டிய சத்தத்தில் மேலே மலையில் பனி சரிந்தது. நல்லவேளையாக அடுத்த மாவட்டத்தின் பக்கம் சரிந்தது. அவர்கள் இன்னும் காரணத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி காய்களைப் பற்றிச் சொல்லவேண்டும். கொர்கோல் என்றாலே ஆட்டுப் புழுக்கைதான். பட்டணத்தில் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் வைத்து ஆடுகிறார்களாம், ஆடட்டும். எங்கள் ஊரில் இயற்கையாகவே ஆடுவோம். ஊரின் ஆட்ட வீரனும் ஆட்டு மேய்ப்பனுமான ஷெய்ஷென், பள்ளிக்கென்றே ஒரு பெட்டை ஆட்டை ஒதுக்கினான். அது எட்டு போட்டதும் நின்று கொஞ்சம் யோசிக்கும். ஒன்பதாவதையும் போட்டுவிட்டுத்தான் நகரும். பத்து போட்டு யாரும் பார்த்ததில்லை.

மாவட்டக் கல்வி அதிகாரிக்கு இது எப்படியோ காதில் விழுந்து, வகுப்பறையில் புழுக்கை சுகாதாரக் கேடு என்று தொலைபேசியில் கத்தினார். அனார்குல் அலட்டிக்கொள்ளவில்லை. சுவருக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் குழைத்து, காய்ந்த புழுக்கைகளை அதில் உருட்டி, காற்றில் உலரவைத்தாள். வெள்ளை வெளேரென்று ஆயின. அதையும் ஒரு பாடமாக்கிவிட்டாள்.

"இந்தச் சுண்ணாம்பு காத்துல இருக்கற கரியமில வாயுவக் குடிக்கும். குடிச்சுக் குடிச்சுக் கல்லாயிடும். ஆனா வினிகர் மாதிரி புளிப்பு பட்டுச்சுன்னா, குடிச்சதெல்லாம் நொரையாக் கக்கிடும்."

"எங்கப்பா மாதிரியா எஜே?" என்றான் ஒருவன்.

"உங்கப்பாவுக்கு வினிகர் வேண்டியதில்ல."

வெள்ளையடித்த காய்கள் பார்ப்பதற்கு அச்சு அசல் குருத் உருண்டைபோல இருந்தன. புளித்த தயிரை வடிகட்டி, உப்புப் போட்டு உருட்டிக் காயவைத்த குருத் எங்கள் பக்கத்தில் எல்லார் சட்டைப்பையிலும் எப்போதும் இருக்கும். இந்த ஒற்றுமையை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

இப்படி இருக்கையில் அந்த அதிகாரி, கெனெஷ்பெக், ஒரு இலையுதிர்காலக் காலையில் ஜீப்பில் நேரிலேயே வந்து இறங்கினார். தொப்பை முதலில் இறங்கியது, அப்புறம் அவர் இறங்கினார். வந்த விஷயம் தெளிவாக இருந்தது. ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளைத் தாஷ்-கெச்சுவிலிருந்து எடுத்து, கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் விடுதிப் பள்ளியோடு சேர்த்துவிடப் போகிறார்கள்.

தலைமையாசிரியர் தோக்தோசுனின் முகம் விழுந்துவிட்டது. அனார்குலுக்கு வேலை போய்விடும் என்பது இருக்கட்டும். கணவாய் பாதி வருஷம் பனியில் மூடிக் கிடக்கும். பையன்களை எப்படியாவது அனுப்பிவிடுவார்கள். ஜிபாரை அவள் வீட்டில் நிச்சயம் அனுப்பமாட்டார்கள். அடுத்த கோடையில் மலைக்குப் போனால் அவள் இறங்கிவருவது கல்யாணத்துக்குத்தான். இது அனார்குலுக்குத் தெரியும். ஜிபாருக்கும் தெரியும்.

என்ன இருந்தாலும் வந்தவர் விருந்தாளி. அறிவியல் கூடத்திலேயே விரிப்பு விரித்து, ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தார்கள். ஊரே சுவரோரம் நின்றது. சமையல்கார உருமகான் தேநீரும் அய்ரான் என்கிற புளித்த மோரும் மாற்றி மாற்றி ஊற்றினாள். கெனெஷ்பெக் ஆட்டுத்தலையின் காதை அறுத்து முறைப்படி பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"தங்கச்சி, நல்லா ஒபசாரம் பண்றீங்க. ஆனா ஆட்டுப் புழுக்கைய வெச்சு அறிவியல் சொல்லித் தர்றத நான் எங்க போயி சொல்றது? வெளையாட்டு வெளையாட்டுதான், படிப்பு படிப்புதான்."

"பைகே," என்றாள் அனார்குல், மூத்தவரைக் கூப்பிடும் மரியாதையோடு, "இந்தப் பசங்க எத மறந்தாலும் ஒண்ண மறக்க மாட்டாங்க. எதுவும் புதுசாப் பொறக்காது, எதுவும் அழியாது. ஆட்டம் தொடங்கறப்ப எத்தனையோ, முடியறப்பவும் அத்தனை. இதுவரைக்கும் ஒருநாள்கூட கணக்குத் தப்புனதில்ல."

கெனெஷ்பெக் தாடையைத் தடவினார். இளவயதில் அவர் மாவட்ட அளவில் பரிசு வாங்கிய ஆட்டக்காரர். பலகையைப் பார்த்ததுமே விரல் அரித்திருக்கவேண்டும்.

"அப்படியா? சரி, ஆடிப் பாத்துடுவோம். யாரையாவது உக்கார வைங்க. ஆட்டம் முடிஞ்சு எண்ணுவோம். ஒரு காய் கூடுனாலும் சரி, கொறஞ்சாலும் சரி, மூணு வகுப்பும் கணவாய்க்கு அந்தப் பக்கம். சரியா இருந்தா இங்கயே இருக்கட்டும்."

பாதி கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் தலையில் தொப்பி இருக்கும்போது ஊர் முன்னால் சொன்ன சொல் சொல்தான். அனார்குல் சட்டென்று ஒப்புக்கொண்டாள். தோற்க வழியே இல்லாத பந்தயம் அது. யார் ஜெயித்தால் என்ன? எண்ணிக்கை எங்கே போய்விடும்?

ஜிபார் வந்து உட்கார்ந்தாள்.

"யாரு பொண்ணும்மா நீ?"

"ஒங்க எதிராளி, பைகே. மொதல்ல நீங்க ஆடுங்க. விருந்தாளி."

சுவரோரம் இருந்தவர்கள் வாய்க்குள் சிரித்தார்கள்.

ஆட்டம் சூடு பிடித்தது. கெனெஷ்பெக்குக்கு ஒரு பழக்கம். யோசிக்கும்போது எதையாவது கடிக்கவேண்டும். அவர் கைக்குப் பக்கத்தில் தட்டு நிறைய குருத் வைத்திருந்தார்கள். பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, ஒவ்வொன்றாக வாயில் போட்டு நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தார். ஆலை ஓடுவதுபோல் சத்தம். வெளியே கட்டியிருந்த குதிரைகள் மாவு அரைக்க வந்திருப்பதாக நினைத்து வரிசையில் நின்றன.

ஜிபார் அவருடைய குழிகளில் ஒன்றைப் பிடித்தாள். அப்புறம் இன்னொன்று. அவள் கொப்பரை நிறைய நிறைய, அவருடையது அடி தெரியக் கிடந்தது. ஊர்க்காரர்களின் சிரிப்பு அடங்கியது.

தோக்தோசுன் மெல்ல அனார்குலின் பக்கம் நகர்ந்தார். நெற்றியில் வியர்வை.

"தங்கச்சி, விருந்தாளி தோக்குறாரு."

"தெரியுது பைகே."

"நம்ம கூரைக்குக் கீழ! நம்ம பலகைல! அவரு கொப்பரையப் பாரு, காஞ்சு கெடக்கு. ஒரு விருந்தாளியோட கொப்பரை இப்படிக் காயறதப் பாத்துக்கிட்டு நிக்கறோமே, நாளைக்குப் பக்கத்து ஊர்க்காரன் மூஞ்சில எப்படி முழிக்கறது? ஜிபார்கிட்டக் கண்ணைக் காட்டு."

"காட்ட மாட்டேன். ஜெயிக்கறதும் தோக்கறதும் இங்க விஷயமே இல்ல பைகே. எண்ணிக்கைதான்."

தோக்தோசுன் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய், விருந்தாளிக்கு ரொட்டி பிய்த்து வைப்பதற்காகக் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தார். அப்புறம் உருமகான் அய்ரான் ஊற்ற வந்தாள்; அவளுடைய அகலக் கை பலகையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. ஷெய்ஷென், ஆட்டத்தை நன்றாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு விருந்தாளியின் தோள்மேல் சாய்ந்தான். அனார்குல் ஜிபாரின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விருந்தோம்பலைக் கண்காணிக்க யாருக்குத் தோன்றும்?

ஆட்டம் முடிந்தது. ஜிபாரின் கொப்பரையில் தொண்ணூறு. எழுந்து நின்று கைதட்டவேண்டிய ஊர் தரையைப் பார்த்தது.

கெனெஷ்பெக் தன் காய்களைத் தானே எண்ணினார். எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"எண்பத்தொண்ணு."

ஜிபார் மனசுக்குள் கூட்டியது அவள் உதட்டில் தெரிந்தது. நூற்று எழுபத்தொன்று.

"ஒம்போது காய் கூடப் பொறந்திருக்கு!" என்று தொடையில் தட்டினார் கெனெஷ்பெக். "நான் தோத்தேன், சரி, ஒத்துக்கறேன். ஆனா ஒங்க சட்டம் என்னைவிட மோசமாத் தோத்துடுச்சு தங்கச்சி. தாஷ்-கெச்சுல பொருள் குட்டி போடுது!"

அனார்குலுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. தோக்தோசுன் காதுவரை சிவந்து தாடிக்காரரின் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். உருமகான் தலைத்துணியின் நுனியை முறுக்கினாள். ஷெய்ஷென் தன் பூட்ஸை ஆராய்ந்தான். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர்! விருந்தாளியின் கொப்பரை காயக்கூடாது என்று ஆளாளுக்குக் குருத்தை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

தெரிந்து என்ன பிரயோஜனம்? வாயைத் திறந்தால், விருந்தாளிக்குப் போட்டதை விருந்தாளி முன்னாலேயே சொல்லிக்காட்டியதாக ஆகும். அதைவிடக் கேவலம் எங்கள் பக்கத்தில் கிடையாது. குதிரை திருடியவனுக்குக்கூடப் பெண் கொடுப்பார்கள். விருந்துக்கு வந்தவனிடம் நீ இத்தனை தின்றாய் என்று சொன்னவனுக்குக் கொடுக்கமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தாலோ, ஜிபார் மலைக்குப் போய்விடுவாள். அனார்குல் தலைத்துணியின் முடிச்சை இறுக்கினாள், அவிழ்த்தாள், மறுபடி இறுக்கினாள்.

"எஜே," என்றாள் ஜிபார். நெற்றியில் அந்தச் சுருக்கம். "வினிகர் எடுத்துக்கவா?"

"எதுக்கும்மா?" என்றார் தோக்தோசுன் அவசரமாக. "யாரு என்ன பண்ணாங்கன்னு இப்பப் போயி..."

"யாருன்னு நான் கேக்கவே இல்ல பைகே. எதுன்னுதான் கேக்கறேன்."

அனார்குல் தலையை அசைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். ஆனால் அந்த இடத்தில் அவள் இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டாள். பிற்பாடு அவளுடைய பாவாடையை எல்லாம் மடிப்புப் பிரித்துத் தைக்கவேண்டி வந்தது.

ஜிபார் ஒவ்வொரு காயாக எடுத்து ஒரு சொட்டு வினிகர் விட்டாள். முதல் காய் சுர்ரென்று நுரைத்தது. அடுத்ததும் நுரைத்தது. "பள்ளிக்கூடத்துக் காய். சுண்ணாம்பு குடிச்ச வாயுவக் கக்குது," என்று அதிகாரிக்கு அமைதியாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவளுடைய தொண்ணூறும் நுரைத்தன. அவருடைய கொப்பரைக்கு வந்தாள். நுரைத்தது, நுரைத்தது, அடுத்தது சும்மா ஈரமாகிப் பேசாமல் இருந்தது.

"இது கக்கல. இது நம்ம காய் இல்ல." தனியாக வைத்தாள்.

கெனெஷ்பெக் முன்னால் குனிந்து பார்த்தார். அவருக்கும் ஆவல் வந்துவிட்டது. பத்தாவது ஊமைக் காய் தனியாகப் போனபோது கொப்பரை காலி.

"பத்துக் காய் வெளில இருந்து வந்திருக்கு. எதுவும் பொறக்கல பைகே. எங்கிருந்தோ எடம் மாறி வந்திருக்கு," என்றாள் ஜிபார்.

"நான் போட்டது மூணுதான்!" என்று கத்திவிட்டார் தோக்தோசுன். அவருக்கு எதையும் அடக்கிவைக்க வராது.

"நானும் மூணுதான்," என்றாள் உருமகான். "ஏதோ மனசு கேக்கல."

எல்லாரும் ஷெய்ஷெனைப் பார்த்தார்கள். "நாலு," என்றான் அவன் முறைப்பாக. "என்னைவிடக் கம்மியாப் போட்டுட்டு ரெண்டு பேரும் என்ன பெரிசாப் பேசறீங்க?"

கெனெஷ்பெக்கின் முகம் பல நிறமாக மாறியது. இத்தனை பேர் கை கொடுத்தும் தோற்றிருக்கிறார். ஆனால் அதிகாரி அதிகாரிதான், கணக்கை விடவில்லை.

"இரு, இரு. நூத்தி எழுவத்தொண்ணுல பத்து போனா நூத்தி அறுவத்தொண்ணு. ஒண்ணு கொறையுது! கொறஞ்சாலும் போச்சுன்னு நான் சொன்னனா இல்லையா?"

அனார்குல் பலகைக்குக் கீழே பார்த்தாள். ஷெய்ஷென் கேட்காமலே இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டினான். நின்றுகொண்டுதான் காட்டினான், எப்படி என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. ஒன்றும் இல்லை.

ஜிபார் மட்டும் தேடவில்லை. "கதவு தெறக்கவே இல்ல எஜே. அப்ப அது இந்த ரூமுக்குள்ளதான் இருக்கு."

அறையில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நறநற என்ற சத்தம். அதுவும் நின்றது. கெனெஷ்பெக்கின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அவர் தட்டைப் பார்த்தார். தட்டுக்கு ஒட்டினாற்போல் இருந்த தன் கொப்பரையைப் பார்த்தார். தட்டிலும் வெள்ளை உருண்டை, கொப்பரையிலும் வெள்ளை உருண்டை.

உள்ளே ஏற்கெனவே இரண்டு கிண்ணம் புளித்த அய்ரான் இருந்தது.

முதலில் அவர் வயிற்றிலிருந்து ஒரு முணுமுணுப்பு கேட்டது. அப்புறம் கழுத்து உப்பியது. அப்புறம் வந்தது ஏப்பம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே வரிசையில் நின்ற குதிரைகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடி, இரண்டு நாள் கழித்து நாரின் ஆற்றங்கரையில் அகப்பட்டன. படத்தில் தாடிக்காரரின் தாடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அப்படியே நின்றுவிட்டது.

"வாயு," என்றாள் ஜிபார் மரியாதையாக. "கரியமில வாயு எஜே. நூத்தி அறுபத்திரண்டு."

தோக்தோசுனுக்கு முறை தெரியும். "உங்க வயிறு நல்லா இருக்கணும் பைகே," என்றார்.

கெனெஷ்பெக் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார். எதைத் தின்றோம் என்பது மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. அவர் கோபப்பட்டிருக்கலாம்; ஜீப்பில் ஏறிப் போயிருக்கலாம். ஆனால் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணையே பார்த்தார்.

"நான் படிக்கறப்ப இந்தச் சட்டத்த மனப்பாடம் பண்ணேன்," என்றார் கடைசியில். "முப்பது வருஷமாச்சு. இன்னைக்குத்தான் எனக்கு ஜீரணமாச்சு." அனார்குலைத் திரும்பிப் பார்த்தார். "யார் போட்டாங்கன்னு கேக்க மாட்டேன், எதுன்னுதான் கேப்பேன்னு சொன்னாளே. இதையும் நீதான் சொல்லிக் கொடுத்தியா தங்கச்சி?"

"இல்ல பைகே," என்றாள் அனார்குல். "அது அவளே கண்டுபிடிச்சது."

இதைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்றால், உருமகான் அதன் முன்னால் கெட்டிலை நீட்டியிருந்தால் தண்ணீர் கொதித்திருக்கும். மாணவி சொன்னதைத் தான் சொல்லித்தந்ததாகச் சொல்லிக்கொள்ளும் வாத்தியார்கள் உண்டு. அனார்குலுக்கு அது தேவைப்படவில்லை. தான் சொல்லித்தராத ஒன்றைத் தன் வகுப்பில் ஒருத்தி செய்தாள் என்பதற்கு மேல் அவளுக்கு எந்தப் பட்டமும் வேண்டியிருக்கவில்லை.

"மூணு வகுப்பும் இங்கயே இருக்கட்டும்," என்றார் கெனெஷ்பெக். தொப்பியை மாட்டிக்கொண்டுதான் சொன்னார். "ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கடைசிக் காய் எங்க போச்சுன்னு இந்த ரூமைத் தாண்டி ஒரு பேச்சு போகக் கூடாது."

ஊர் மொத்தமும் ரொட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தது. அதனால்தான் இந்த விஷயம் இதுவரை உங்கள் காதில் விழாமல் இருந்திருக்கிறது.

"பைகே, ஒரு சந்தேகம்," என்றாள் ஜிபார், அவர் ஜீப்பில் ஏறும்போது. "ஆட்டத்துக்கு நூத்தி அறுபத்திரண்டு காயும் வேணும். அந்த ஒண்ணு..."

"ஏய்!" என்றாள் அனார்குல்.

கெனெஷ்பெக் வாய்விட்டுச் சிரித்தார். "ஒங்க எஜே சொன்ன சட்டந்தானம்மா. அழியாது. எடந்தான் மாறும். ஆனா அத நான் திருப்பி அனுப்ப மாட்டேன்."

ஷெய்ஷெனின் ஆடு அந்த வாரம், வாழ்க்கையில் முதல்முறையாக, பத்து போட்டது. அந்தப் பத்தாவதை ஜிபார் சுண்ணாம்பில் உருட்டி உலரவைத்து, காலியாக இருந்த இடத்தில் தன் கையாலேயே வைத்தாள். அந்த வருஷம் தாஷ்-கெச்சுக்காரர்கள் சந்தைக்குப் போனால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். யாராவது ஏன் என்று கேட்டால், சத்தியம் செய்திருப்பதால் சொல்ல முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். ஜிபார் பதினொன்றாம் வகுப்பை முடித்து, பட்டணத்துக்கு வேதியியல் படிக்கப் போனாள். அவளை வழியனுப்பக் கணவாய்வரை ஊரே போனது. அனார்குல் அவள் பைக்குள் ஒரே ஒரு வெள்ளைக் காயைப் போட்டுவிட்டு, "குருத்துன்னு நெனச்சுத் தின்னு தொலைக்காத," என்று மட்டும் சொன்னாள்.

இப்போது ரொட்டியின் மேலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொல்கிறேன்: தாஷ்-கெச்சு பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிகிறது; கட்டிய நாளிலிருந்து அதற்கு மேல் ஒரு வகுப்பும் அங்கே இருந்ததில்லை.